ரெண்டும் மெயின் கயிறுதான்

பேரையூர் பக்கம் ஒரு தோட்டக் கிணறு. மோட்டாரைப் பார்க்க இறங்கிய விவசாயி, படிக்கல் பெயர்ந்து விழுந்து, பாதி ஆழத்தில் துருத்திக்கொண்டிருந்த பாறையில் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் வீங்கிவிட்டது, நிற்க முடியவில்லை. கயிறு கட்டி ஆட்களை மீட்கும் பயிற்சி முடித்த தன்னார்வலர்களாக, திருமங்கலத்திலிருந்து நானும் என் கூட்டாளியும் பைக்கில் போய்ச் சேர்ந்தோம்.

கூட்டாளி எட்டிப் பார்த்தான். "ஒத்தக் கயிறு போதும் மாப்ள, சட்டுனு தூக்கிரலாம்."

கிணற்று விளிம்புக் கல் உடைந்து கூராக நின்றது. உரசினால் எந்தக் கயிறும் அறும். ரெண்டு வேண்டும் என்றேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். சொல்லிக்கொடுத்ததைப் பாதியில் விட எனக்கு வராது.

ஒரு கயிற்றை வேப்பமரத்திலும் இன்னொன்றை டிராக்டரிலும் கப்பி மாட்டிக் கட்டி, யாரும் வண்டியை எடுக்காதபடி சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். இரண்டு கயிற்றின் கொக்கியும் கோத்த இடுப்புவாரை இறக்கினோம், சொன்னபடி அவரே மாட்டிக்கொண்டார். வேப்பமரக் கயிற்றை இழுக்க அவருடைய அண்ணன் ஆட்களோடு வந்தார். டிராக்டர் பக்கம் விவசாயியின் மனைவிக்கு அண்ணன், அதாவது மச்சான். காதுகுத்து ஃப்ளெக்ஸில் மச்சான் படம் சின்னதாகப் போனதிலிருந்து இரு தரப்புக்கும் பேச்சில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அண்ணன் கையிலிருப்பது மெயின் கயிறு, எடையைத் தூக்கும். மச்சானுடையது காவல் கயிறு, மெயின் அறுந்தால் தாங்கும் என்று விளக்கினேன்.

மச்சான் கயிற்றைக் கீழே வைத்தார். "அப்ப அது அறுந்தாத்தான் எனக்கு வேலையா தம்பி?"

அண்ணன் வேப்பமரத்தைப் பார்த்துச் சொன்னார்: "அறணும்னு வேண்டிக்கிட்டே நிப்பாரு. அவரு கையில கயிறே வேணாம்."

கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. "தம்பி, மச்சானுக்கும் எடை குடுத்துருங்க. இல்லேன்னா நான் மேல வந்தும் வீட்டுக்குள்ள போக முடியாது."

பக்கத்தில் நின்ற மனைவி அதை மறுக்கவில்லை.

பயிற்சியில் இன்னொரு முறையும் உண்டு. இரண்டு கயிறும் விறைப்பாக நின்று பாதிப் பாதி எடை சுமக்கும். ஒன்று போனாலும் மற்றது ஏற்கெனவே பிடித்திருக்கும். "ரெண்டும் மெயின் கயிறுதான்" என்று அறிவித்தேன்.

உடனே இரண்டு பக்கமும் முந்தி இழுத்தார்கள். மனிதர் டிராக்டர் பக்கம் சாய்ந்தார், பிறகு வேப்பமரப் பக்கம் சாய்ந்தார். பி.டி. மாஸ்டர் போல ஒவ்வொரு முழத்துக்கும் நிறுத்தச் சொல்லித்தான் ஏற்ற முடிந்தது. இப்ப யார் பக்கம் எம்புட்டு எடை என்று இரு தரப்பும் கேட்டுக்கொண்டே இருந்தன. சமம், சமம் என்றேன்.

மேலே வந்து விளிம்பைத் தாண்டி உட்கார்ந்தவரின் இடுப்புவாரிலிருந்து வேப்பமரக் கயிற்றின் கொக்கியைக் கழற்றக் கூட்டாளி கை வைத்தான்.

"கழட்டுங்க தம்பி" என்றார் மச்சான். "கடைசி வரைக்கும் எங்க கயிறுதான் புடிச்சுச்சுன்னு ஆயிரும்ல."

அண்ணன் கூட்டாளியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ காத்து நின்றது. ஒரு பக்கம் மரத்தோடும் மறுபக்கம் டிராக்டரோடும் கட்டப்பட்டபடி அவர் டீ குடித்தார். கால் இன்னும் வீங்கியது. கடைசியில் கைக்கு ஒரு கொக்கியைப் பிடித்து, எல்லோரையும் பார்க்கச் சொல்லி, இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்தேன்.

ஆட்டோவில் அவருக்கு வலது பக்கம் அண்ணன், இடது பக்கம் மச்சான் ஏறிக்கொண்டார்கள். அவர் வெளியே கை நீட்டி என் சட்டையைப் பிடித்தார்.

"தம்பி, நீங்களும் வாங்க."