டீலர் மேஜையில் லைம் சோடா

பெயின்ட் கம்பெனி சேல்ஸ் வேலையில் ஆர்டரைப் பற்றிக் கடையில் பேசுவோம், முடிவாவது டீலர் சாயங்காலம் உட்காரும் மேஜையில்தான். பெயின்ட் மட்டுமில்லை, டைல்ஸ், ஒயர், பம்ப்செட் என்று எதை விற்றாலும் இதே கதைதான். சட்டையை டக்-இன் பண்ணி, தொப்பையை பெல்ட்டுக்குள் திணித்துக்கொண்டு வண்டியில் அலையும் என் சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டில் "உடம்பைக் குறைங்க" என்பார்கள். டீலர் "சும்மா கூட உக்காருங்க" என்பார். இரண்டு பேர் பேச்சையும் கேட்டுவிடலாம் என்று நினைத்தவன் நான். தி. நகர், மயிலாப்பூர், அடையாறு மூன்றும் இருபது வருஷமாக என் ஏரியா. எந்தக் கடைக்காரருக்கு எந்த பிராண்டு, சோடாவா தண்ணியா, ஐஸ் போடலாமா கூடாதா என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தப் படிப்புக்கு சர்டிபிகேட் தரமாட்டார்கள், தொப்பைதான் தருவார்கள்.

பெயிலான ஈரல்

அக்கா ஆதம்பாக்கத்தில் இருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காபிகூடக் குடிக்கமாட்டாள். போன வருஷம் கண் மஞ்சளாகிக் கால் வீங்கியது. எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, அவள் உடம்பே அவள் கல்லீரலை அந்நியன் என்று நினைத்து அழித்துக்கொண்டிருக்கிறது, மாற்றுவதைத் தவிர வழியில்லை என்றார்கள். அத்தான் கொடுக்கலாம் என்றால் அவருக்குச் சர்க்கரை, ரத்த குரூப்பும் சேரவில்லை. அவர்களுக்குக் குழந்தை கிடையாது. எனக்குக் குரூப் சேர்ந்தது. ஒரு பகுதியை வெட்டிக் கொடுத்தால் போதும், அவளுக்கும் வளர்ந்துவிடும், உங்களுக்கும் வளர்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். நானும் பெரிய தியாகி மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஸ்கேனுக்குப் போய்ப் படுத்தேன்.

ஸ்கேனில் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு. பன்னிரண்டு கிலோ குறைக்க வேண்டும், ஒரு சொட்டு மது கூடாது, மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம், அதற்கு மேல் அக்காவால் தாங்க முடியாது என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். தானம் கொடுக்க வருகிறவர்களைக் கவனித்துக்கொள்ள அங்கே ஒரு அம்மா உண்டு, கோஆர்டினேட்டர் என்பார்கள். அவர் ஸ்கேன் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "குடுக்க வந்தவர் மாதிரியே இல்லையே சார், நீங்களும் க்யூல நிக்க வேண்டியவர் மாதிரி இல்ல இருக்கீங்க!"

லீவு கேட்கப் போனேன்

எங்கள் ஏரியா மேனேஜர் பிரகாஷ் என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஜிம்முக்குப் போகிறவர், சனிக்கிழமையானால் குடிக்கிறவர், இரண்டையும் ஒரே போட்டோவில் போடுகிறவர். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். ஆபரேஷனுக்கு லீவு வேண்டும், அதுவரை சாயங்கால மேஜைகளுக்கு வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றேன். லீவுக்கு உடனே சரி சொன்னார். மேஜைக்கு மட்டும், "டீலர்ஸ் உங்களைத்தான் கேப்பாங்க சார்" என்றார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வகுப்பெடுக்க ஆரம்பித்தார். பீர்தான் உடம்பு ஏற்றும், வோட்காவில் கார்ப் கிடையாது, ரெட் வைன் இதயத்துக்கு நல்லது. கல்லீரலைப் பற்றிப் பேச வந்தவனிடம் இதயத்தைப் பற்றிப் பேசினார்.

நான் அக்காவின் வியாதியை மறுபடி ஒருமுறை விளக்கினேன். உருக்கமாகத் தலையாட்டிக்கொண்டே கேட்டார். நம் ஊரில் கல்லீரல் என்றால் ஒரே வியாதிதான், அதற்கு ஒரே காரணம்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கிளம்பும்போது தோளில் கை போட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சார், அக்கா டெய்லி குடிப்பாங்களா, இல்ல வீக்கெண்ட் மட்டும்தானா?"

சோடாவும் போலீஸும்

செல்வராஜ் அண்ணாச்சிக்கு தி. நகரில் மூன்று கடை. தெற்கேயிருந்து வந்து உழைத்து முன்னுக்கு வந்தவர், என் டார்கெட்டில் பாதியை அவர் ஒருத்தரே முடித்துக் கொடுப்பார். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு சிநேகிதர்களோடு பாண்டி பஜார் பக்கம் ஒரு ஓட்டலில் உட்காருவார். அக்கா விஷயத்தைச் சொன்னதும் நிஜமாகவே கண் கலங்கினார். "முருகன் இருக்கான் சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடாமலே வெயிட்டரைக் கூப்பிட்டு எனக்கு வழக்கமானதைக் கொண்டுவரச் சொன்னார். நான் லைம் சோடா, உப்பு போட்டு, என்றேன். வெயிட்டர் என்னை விட்டுவிட்டு அண்ணாச்சியைப் பார்த்தார்.

அந்த மேஜைக்கு ஒரு முறை உண்டு. முதல் ரவுண்டில் குடும்பம், இரண்டாவதில் அடுத்த கம்பெனிக்காரன் என்ன தள்ளுபடி கொடுக்கிறான் என்கிற ரகசியம், மூன்றாவதில் ஆர்டர். அன்றைக்கு முதல் ரவுண்டு முடிந்தது, இரண்டாவது முடிந்தது, ரகசியம் மட்டும் வரவில்லை. மூன்று பேரும் என் சோடாவையே பார்த்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசினார்கள். கடைசியில் அண்ணாச்சி கிளாஸைக் கீழே வைத்தார். "நீங்க மட்டும் இப்படித் தெளிவா உக்காந்திருந்தா, எங்களுக்கு போலீஸ் ஸ்டேஷன்ல வச்சிக் குடிக்கிற மாதிரி இருக்கு பாத்துக்கிடுங்க."

ஏகாம்பரத்தின் கேள்வி

முதல் மாதம் முழுக்க ஒரு சொட்டு தொடவில்லை. அந்தப் பெருமையிலேயே மிதந்துகொண்டிருந்தேன். குடிக்காமல் கம்பெனி கொடுப்பவனின் கஷ்டம் குடிப்பவனுக்குப் புரியாது. எல்லோருக்கும் கையில் ஒரு கிளாஸ் இருக்கிறது, நமக்குக் கை சும்மா இருக்கிறது. சும்மா இருக்கிற கை தட்டுக்குத்தான் போகும். நெத்திலி வறுவல், சில்லி சிக்கன், நெய்யில் வறுத்த முந்திரி, மசாலா கடலை. குடிக்கிறவர்கள் இரண்டு வாய் எடுத்துவிட்டுப் பேச்சில் மறந்துவிடுவார்கள். மறந்ததையெல்லாம் நான் கவனித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, டயட்டில் இருக்கிறேன் என்று மனைவியிடம் சொல்லி இரண்டு வெள்ளரிக்காயோடு படுத்துவிடுவேன். மாதக் கடைசியில் எடை பார்த்தால் இரண்டு கிலோ ஏறியிருந்தது. மெஷின் கெட்டுவிட்டது என்று மருந்துக்கடையில் போய்ப் பார்த்தேன், அங்கேயும் அதேதான் காட்டியது. ஒரு மாதம் போயிற்று. அக்காவுக்கு இருந்ததே மூன்று மாதம். அன்றைக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த வாரம் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு ஹாலில் பெயின்டர் மீட். பெயின்டிங் கான்ட்ராக்டர்களைக் கூப்பிட்டு, புதுச் சரக்கைப் பற்றிப் பேசி, பிரியாணி போட்டு, ஒரு பையும் கொடுத்து அனுப்புவோம். அதில் ஏகாம்பரம் என்று எனக்கு ரொம்ப வருஷப் பழக்கம். தினம் குடிப்பார், ஆள் பிரஷ் கட்டை மாதிரி இருப்பார். நான் குடியை விட்ட செய்தி அவர் வரைக்கும் போயிருந்தது. மைக்கைப் பிடித்து நான் பேசி முடித்ததும், சந்தேகம் ஏதாவது இருந்தால் கேளுங்கள் என்றேன். முன்வரிசையிலிருந்து எழுந்தார். "இன்னா சார், குடிக்கிற நாங்கல்லாம் எளச்சிக்கினே போறோம், குடிக்காத நீ ஊதிக்கினே போற, இது இன்னா கணக்கு சார்?"

ஒரு மூடி பாசம்

அதற்குப் பிறகு டப்பாவில் வேகவைத்த முட்டையும் வெள்ளரியும் எடுத்துக்கொண்டு பாருக்குப் போனேன். வெயிட்டர்கள் என்னைப் பார்த்த பார்வையை விட்டுவிடுவோம். காலையில் கோட்டூர்புரத்தில் எங்கள் குடியிருப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். ராத்திரிப் பசியில் காது அடைத்தது. எடை மளமளவென்று இறங்கியது. கோஆர்டினேட்டர் அம்மாவே "பரவாயில்லையே சார்" என்றார். திங்கட்கிழமை கடைசி டெஸ்ட், அது சரியாக இருந்தால் தேதி குறித்துவிடலாம் என்றார்.

சனிக்கிழமை அண்ணாச்சி போன் செய்தார். ஒரு அடுக்குமாடி வேலை மொத்தமாக வருகிறது, வந்து பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்றார். போனேன். எனக்கு முன்பே லைம் சோடா தயாராக இருந்தது, இஞ்சியெல்லாம் தட்டிப் போட்டிருந்தார்கள். வெயிலில் வந்த தாகத்தில் பாதி கிளாஸை ஒரே மூச்சில் குடித்துவிட்டேன். தொண்டையில் ஒரு சூடு இறங்கியது, பிறகு காதில். நிமிர்ந்து பார்த்தால் மூன்று பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்கள். வோட்கா. இருபது வருஷத்தில் எந்த டீலரிடமும் குரலை உயர்த்தாதவன் நான். அன்றைக்கு மேஜையைத் தள்ளிவிட்டு எழுந்து, "எங்க அக்கா சாகக் கிடக்கிறாய்யா!" என்று கத்தினேன். ஓட்டலே திரும்பிப் பார்த்தது.

டெஸ்டில் எப்படியும் தெரிந்துவிடும் என்பதால் கோஆர்டினேட்டரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் நம்பினார். டாக்டர்களுக்கு நம்பிக்கை முக்கியமில்லை, விதிதான் முக்கியம். இரண்டு வாரம் தள்ளிப் போட்டார்கள். அந்த இரண்டு வாரத்தில் அக்காவின் வயிற்றிலிருந்து ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். ஒருநாள் என்னை அப்பா என்று நினைத்துக்கொண்டு, ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது, சைக்கிளை எடுங்கள் என்றாள். நான் வராண்டாவுக்கு வந்து அழுதேன். அங்கே நிற்கும்போதுதான் அண்ணாச்சியின் போன் வந்தது. மன்னிப்புக் கேட்பார் என்று எடுத்தேன். "ஒரு மூடிதான் சார் ஊத்தச் சொன்னேன், அதுவும் பாசத்துல. அதுக்குப் போய் ஆர்டர் தர்றவன்கிட்ட இப்படிக் கத்துவாங்களா?"

அக்காவின் கட்டளை

அதோடு மேஜைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். நிறுத்தியதும் கொஞ்சநஞ்சம் பாக்கியிருந்த எடையும் தானாகவே இறங்கியது. டப்பாவும் வெள்ளரியும் தேவைப்படவில்லை. வேறு கம்பெனியின் பையன் ஒருத்தன், நல்ல வயிறு, நல்ல பேச்சு, என் நாற்காலியில் உட்கார ஆரம்பித்தான். அண்ணாச்சி கடையில் எங்கள் டப்பாக்கள் முன்வரிசையிலிருந்து பின்னால் போயின, பின்னாலிருந்து குடோனுக்குப் போயின. யாரும் என்னைத் திட்டவில்லை. பார்த்தால் முன்பைவிட மரியாதையாக வணக்கம் சொன்னார்கள்.

மாதக் கடைசி நாள் ஆஸ்பத்திரியில் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிரகாஷிடமிருந்து போன் மேல் போன். எடுத்தால் தி. நகர் சேல்ஸ் நம்பர் எங்கே என்பார், எடுக்காவிட்டால் மறுபடி அடிப்பார். அன்றைக்கு அக்கா நல்ல தெளிவாக இருந்தாள். விஷயத்தைத் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். நான் குடித்தால் ஆபரேஷன் கிடையாது, அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் டீச்சர் குரலில் ஒரு அதட்டல் போட்டாள். "எனக்கு ஈரலையும் குடுத்துட்டு உனக்கு வேலையும் போச்சுன்னா, அப்புறம் உன்னையும் நான்தான்டா வச்சு சோறு போடணும், ஒழுங்கா போய் அந்தாளு பக்கத்துல உக்காந்துட்டு வா!"

மிச்சம்

நான் போகவில்லை. டெஸ்ட் சரியாக வந்தது, ஆபரேஷன் நடந்தது, இருவரும் பிழைத்தோம். அக்கா கண்ணில் மஞ்சள் போய் வெள்ளை தெரிந்த அன்று, வார்டில் எல்லோர் எதிரிலும் வெட்கமில்லாமல் அவள் காலைக் கட்டிக்கொண்டேன். சில மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியபோது, தி. நகர் ஏரியா எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனுக்குப் போயிருந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பிரகாஷ் எனக்குப் புறநகரில் சின்னச் சின்னக் கடைகளாகக் கொடுத்தார். சம்பளத்தில் கை வைக்கவில்லை, இன்சென்டிவ் மட்டும் இனி கனவில்தான்.

புதுப் பையனை அறிமுகம் செய்துவைக்க அண்ணாச்சி கடைக்குப் போனேன். அவர் கல்லாவை விட்டு எழுந்து வந்து கட்டிக்கொண்டார். தழும்பைக் காட்டச் சொன்னார். குடோன் பக்கமாகப் போய்ச் சட்டையைத் தூக்கினேன். நெஞ்சுக்குக் கீழே வளைந்து ஓடும் அந்தக் கோட்டைப் பார்த்ததும் "முருகா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நடிப்பில்லை, இந்த மனிதரை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டே, சாயங்காலம் வந்துவிடுங்கள், கொண்டாடிவிடலாம் என்றார். இனி தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் அண்ணாச்சி என்றேன். அவர் கொஞ்ச நேரம் தழும்பையே பார்த்து யோசித்தார், எனக்காக நிஜமாகவே கவலைப்பட்டு யோசித்தார். "ஒரு துண்டுதான சார் எடுத்தாங்க, மிச்சம் உள்ளதான இருக்கு? ஒரு பெக்குக்கு அது போதாதா?"

ஆக, இத்தனை கூத்துக்கும் பிறகு எடையும் குறைந்து ஏரியாவும் குறைந்து நிற்கிறேன், கூடியிருப்பது அக்காவின் உடம்பு மட்டும்தான், அது போதும் என்று ஒவ்வொரு மாதக் கடைசியிலும் எனக்கு நானே அதட்டிச் சொல்லிக்கொள்கிறேன்.