புதுத்தண்ணீர் என்று நினைத்தோம்

எண்பத்து மூன்றாம் ஆண்டு, காலாண்டுத் தேர்வு விடுமுறை. நாங்கள் நால்வர் காரைக்காலிலிருந்து பச்சைமலை அடிவாரத்துக்கு ஓர் அருவியைப் பார்க்கப் போனோம். மழைக்காலத்தில் சில வாரங்கள் மட்டும் விழும் சிறிய அருவி. குழந்தைகளோடு இப்படிப்பட்ட இடங்களுக்குக் கிளம்புகிறவர்களுக்குப் பயன்படும் என்றுதான் இத்தனை வருடம் கழித்து எழுதுகிறேன்.

நாங்கள் போனதற்குக் காரணம் என் மகள் கயல். நான் வேலை பார்த்த பள்ளியிலேயே, என்னிடமே ஐந்தாம் வகுப்பு படித்தாள். அருவி பற்றிய பாடத்தை நடத்தும்போது கைக்குட்டையை மேசை விளிம்பில் தொங்கவிட்டு, "மேசைமேல் ஓடுவது ஆறு, விளிம்பில் விழுவது அருவி" என்று விளக்கினேன். வீட்டுக்கு வந்ததும், "நீ பாத்திருக்கியாம்மா?" என்று கேட்டாள். பார்த்ததில்லை. காரைக்காலில் எதிலிருந்து எது விழும்? வயல், அது முடிந்தால் கடல். மதகில் தண்ணீர் இறங்குவதுதான் நாங்கள் அறிந்த அதிகபட்ச உயரம்.

என் கணவரும், வரிச்சிக்குடியில் விவசாயம் பார்க்கும் அவருடைய அக்கா செல்லம்மாள் அண்ணியும் உடன் வந்தார்கள். அண்ணி என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அதில் பாதி மரியாதை, பாதி கேலி.

காரைக்காலிலிருந்து திருச்சி ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். தஞ்சாவூரில் பஸ் மாறினோம். ஆளுக்குப் பதினோரு ரூபாய் ஆனதாக நினைவு. அங்கிருந்து துறையூர் நாற்பத்தைந்து கிலோமீட்டர். கணவரின் நண்பர் வீட்டில் தங்கி, மறுநாள் காலை ஏழரை மணி டவுன் பஸ்ஸில் அடிவாரக் கிராமத்தில் இறங்கினோம். வழிகாட்டப் பெரியண்ணன் என்பவர் கிடைத்தார். ஆடு மேய்க்கிறவர். பத்து ரூபாய் பேசிக்கொண்டோம்.

கிளம்பும்போதே அவர் ஒன்று சொன்னார். "தண்ணி கலங்குனா ஓடையில நிக்காதீங்க. கரையேறிடணும்."

அண்ணி சிரித்துவிட்டார். "எங்களுக்கா தண்ணியப் பத்திச் சொல்றீங்க? நாங்க காவேரித் தண்ணியில வளந்தவங்க." பெரியண்ணன் கம்பை எடுத்துக்கொண்டு நடந்தார்.

மூன்று கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம். முதல் பாதி ஆட்டுத்தடம், எளிது. அதற்குப் பிறகு இருபுறமும் உண்ணிச்செடி. சேலையைப் பிடித்து இழுத்தது. நான் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்க நின்றேன். செருப்பில்லாத அண்ணி எல்லோருக்கும் முன்னால் போய், திரும்பிப் பார்த்து, "என்ன டீச்சர், பெல் அடிச்சாத்தான் நடப்பீங்களா?" என்றார்.

அருவி ஏமாற்றிவிட்டது. முப்பது அடிப் பாறையில் ஒரு சடைப்பின்னல் அளவுக்குத் தண்ணீர் வழிந்தது, அவ்வளவுதான். "எங்க மதகுல கசியறதே இதவிட ஜாஸ்தி" என்றார் அண்ணி. கயல் என் முகத்தையே பார்த்தாள். நான் அருவியைப் பார்ப்பதுபோல் நின்றேன்.

அருவிக்குக் கீழே ஓடை ஐம்பது அடி அகலத்தில் தேங்கி, கணுக்கால் ஆழத்தில் மெல்ல நகர்ந்தது. எதிர்க்கரையை ஒட்டி ஒரு தட்டைப் பாறை. அண்ணியும் கயலும் ஆளுக்கொரு புளிசாதப் பொட்டலத்தோடு அங்கே போய் உட்கார்ந்தார்கள். நானும் கணவரும் இக்கரையில். வானம் வெளிறிக் கிடந்தது. மலை உச்சியில் மட்டும் மேகம் கறுத்திருந்தது. பன்னிரண்டே முக்கால் இருக்கும், தெளிந்த தண்ணீர் பழுப்பாக மாறியது. நுரை வந்தது, சருகு வந்தது.

இங்கே எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காரைக்கால் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லா ஊரையும் நனைத்துவிட்டுக் கடைசியாகத்தான் எங்களிடம் வரும். வரும்போது இப்படித்தான், பழுப்பாக, நுரையையும் சருகையும் தள்ளிக்கொண்டு, நடக்கப் பழகும் குழந்தைபோல வரும். அதைப் பார்த்தால் நாங்கள் கரையேற மாட்டோம். வாய்க்காலில் இறங்கி, கும்பிட்டு, பூப்போட்டு வரவேற்போம்.

அண்ணி தன் பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு எழுந்தார். "புதுத்தண்ணி வருது டீச்சர்" என்றார். கயலின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடையின் நடுவுக்கு இறங்கினார். பூகோளம் நடத்திய நான் என்ன செய்தேன்? என் தலைப்பூவை எடுத்து அவரிடம் வீசினேன்.

மரத்தடியில் இருந்த பெரியண்ணன் எழுந்து ஓடி வந்தார். "பூப் போடுற நேரமா இது? ஏறுங்க, அந்தப் பக்கமே ஏறுங்க" என்று கத்தினார். அண்ணி திரும்புவதற்குள் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. கயலின் கையை விடாமல் இழுத்துக்கொண்டு எதிர்க்கரையில் ஒரு வேரைப் பற்றி ஏறினார். அடுத்த மூச்சில் அந்தத் தட்டைப் பாறை கயலின் பொட்டலத்தோடு மூழ்கிப்போனது.

என் மகள் அந்தக் கரையில், நான் இந்தக் கரையில். இறங்கப் போன என் கணவரைப் பெரியண்ணன் இடுப்பில் கட்டிப் பிடித்து நிறுத்தினார். "அவங்க மேட்டுல இருக்காங்க. நீங்க எறங்குனாத்தான் ஆபத்து" என்றார்.

கயல் அழுதபடி கரை விளிம்புக்கு வந்தாள். கூப்பிட்டால் கேட்காது, அவ்வளவு இரைச்சல். அப்போது என் கை தானாக மேலே போயிற்று. வகுப்பில் சத்தம் அடங்க நான் கையைத் தூக்கி, உள்ளங்கையை மெல்லக் கீழே இறக்குவேன், பிள்ளைகள் உட்கார்ந்துவிடுவார்கள். அதையே செய்தேன். கயல் பார்த்தாள். இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்தாள். அண்ணி தன் முந்தானையை அவள் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டார். அவள் எழ முயன்றபோதெல்லாம் நான் கையை இறக்கினேன். தோள் மறுநாளும் வலித்தது.

அருவி அப்போது பாறை முழுக்க விழுந்துகொண்டிருந்ததாம். கணவர் சொல்லித்தான் தெரியும். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றரைக்குத் தண்ணீர் தணிந்தது. நாலேகாலுக்கு முழங்காலுக்குக் கீழே இறங்கியதும் பெரியண்ணன் கம்பு ஊன்றிப் போய்க் கயலைத் தோளில் தூக்கி வந்தார். பின்னாலேயே கம்பைப் பிடித்தபடி அண்ணி. கயலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. "பசிக்குதும்மா" என்றாள். "அத்தை சாப்பிடவே விடல."

அண்ணியின் மடியில் ஒரு பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. ஏன் தரவில்லை என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

"நம்மூர்ல தண்ணி வந்தா தை மாசம் வரைக்கும் போவாதுல்ல. ஒரு பொட்டலத்த வச்சிக்கிட்டு அதுவரைக்கும் புள்ளைய எப்படிக் காப்பாத்துறதுன்னு கணக்குப் போட்டுக்கிட்டிருந்தேன்."

முதலில் கயல்தான் சிரித்தாள். பிறகு நான், கணவர், பெரியண்ணன். கடைசியில் அண்ணியும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அந்தப் பொட்டலத்தை ஐந்து பங்காக்கி அங்கேயே சாப்பிட்டோம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. உள்ளூர் ஆள் இல்லாமல் ஓடைப்பக்கம் போகாதீர்கள். தலைக்கு மேல் வானம் எப்படி இருந்தாலும் மலை உச்சியைப் பாருங்கள். எல்லோரும் ஒரே கரையில் உட்காருங்கள். தண்ணீர் நிறம் மாறினால் செருப்பு, பாத்திரம் எதையும் எடுக்க நிற்காமல் ஏறுங்கள். பிறகு காத்திருங்கள், சில மணி நேரத்தில் இறங்கிவிடும். கடைசி பஸ் ஆறு மணிக்கு என்பதால் மதியம் இரண்டுக்கே திரும்புவது நல்லது. நாங்கள் ஓடித்தான் பிடித்தோம். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றிய அறிவை உங்கள் ஊரிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

அடுத்த வருடம் வரிச்சிக்குடி வாய்க்காலில் புதுத்தண்ணீர் வந்தபோது நாங்களும் போயிருந்தோம். கணுக்கால்கூட நனையாத தண்ணீர். தெருவே இறங்கி நின்றது. அண்ணி மட்டும் கரையிலிருந்தே பூவைப் போட்டார். மற்றக் கை கயலின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது.