லாங்கலான்ட் பியர் எப்படி என்று பிர்கிட் கேட்டிருந்தாள்

பிர்கிட் இன்று காலை போய்விட்டாள்.

அவளுடைய மகன் போன் பண்ணிச் சொன்னான். நான் அப்போது ஸ்வெண்ட்போர்க் போகும் ரயிலில் இருந்தேன்... அவள் அனுப்பிய வேலையாகத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

பிர்கிட் யாரென்று தெரியாதவர்களுக்கு: டென்மார்க்கில், ஒடென்சேயில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் என்னோடு ஒரே பிரிவில் வேலை செய்தவள். என்னைவிட மூத்தவள்தான். ஆனால் டேனிஷ்காரருக்குள் எல்லோரும் எல்லோருக்கும் "நீ", எனக்கும் அப்படியே பழகிவிட்டது.

அவள் அனுப்பிய வேலை, பியர் குடிப்பது.

இதை வாசிக்கும் சொந்தக்காரர் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். ஓம், பியர்தான். ஒளித்தும் குடிக்கவில்லை.

வேலையிடத்து கிறிஸ்மஸ் விருந்தில் தொடங்கியது. நான் வழமைபோல ஆரஞ்சு ஜூஸோடு ஒரு மூலையில். பிர்கிட் ஒரு கறுத்த பியரைக் கொண்டுவந்து மூக்குக்குக் கிட்ட நீட்டினாள். ஏதோ கிராமத்தில் புருசனும் பெண்சாதியுமாகக் காய்ச்சுகிறார்களாம், சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்காதாம்.

"குடிக்க வேண்டாம். மணந்துபோட்டு என்ன மணம் எண்டு மட்டும் சொல்லு."

காய்ச்சும்போது அடிப்பிடித்த பனங்கட்டிப் பாணி. அதற்கு என்னிடம் டேனிஷ் சொல் இருக்கவில்லை, தமிழிலேயே சொன்னேன். அடுத்த முறை வேலைக்குப் போகும்போது ஒரு துண்டுப் பனங்கட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடியவள்... "அதேதான்" என்றாள்.

அதோடு பிடித்தது பைத்தியம். லீவு கிடைத்தால் அவளுடைய பழைய காரில் எங்கள் ஃபூன் தீவு முழுக்கச் சின்னச் சின்ன ப்ரூவரி தேடி அலைவது. பழைய மாட்டுக்கொட்டில், மூடிப்போன பால் பண்ணை, ஒரு தடவை யாரோ ஒருவருடைய கராஜ். வாசலில் போர்டு கூட இருக்காது. முதலில் ஒரு நாய் வரும், பிறகு ஒரு தாடிக்காரன் வருவான்.

கார் ஓட்டுவது அவள். அதனால் அவளுக்கு ஒரு வாய், மிச்சமெல்லாம் எனக்கு. ஆனால் ருசியைச் சொல்லாமல் எழும்ப விடமாட்டாள்.

"நல்லாயிருக்கு எண்டுறது ருசியில்லை. என்ன மாதிரி இருக்கு, அதைச் சொல்லு."

தேசிக்காய்த் தோல். கசக்கின கறிவேப்பிலை. மிளகாய் வறுத்த சட்டி... வாயில் வந்ததையெல்லாம் சொல்வேன்.

ஒரு முறை புளித்த பியர் ஒன்றைக் குடித்துவிட்டு "தோசை மா" என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டாள். குசினியில் மாச்சட்டியின் மூடியைத் திறந்து, மூக்கை உள்ளே விட்டுக்கொண்டு நிற்கிறாள். தேத்தண்ணிக் கோப்பையோடு வந்த என் மனுசன் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னப்பா, இந்த மனிசி ஏன் எங்கட மாவை மணக்குது?"

"பியர் மணக்குதாம்."

"அப்ப இவ்வளவு காலமும் பியரிலையோ நாங்கள் தோசை சுட்டனாங்கள்?"

மொழிபெயர்த்துச் சொன்னேன். மூடியைக் கையில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு தோசையைச் சம்பலோடு ஒரு வெட்டு வெட்டினாள்.

பிறகு புற்றுநோய் வந்தது. மருந்து ஏற ஏற நாக்கு செத்துவிட்டது. மூக்கும் அப்படித்தான்.

"எதைச் சாப்பிட்டாலும் மட்டையைச் சப்புற மாதிரி இருக்கு" என்றாள்.

பிறகு அவளே வழியும் சொன்னாள். "இனி நீ பஸ்ஸில போ. குடிச்சுப்போட்டு எனக்குப் போன் எடு."

போனேன். தமிழ்ப் பெண் ஒருத்தி தனியாக உட்கார்ந்து, முன்னால் பியரை வைத்துக்கொண்டு, போனில் பலசரக்குச் சாமான்களின் பெயர் சொல்லிக்கொண்டிருந்தால் டேனிஷ்காரரும் திரும்பித்தான் பார்ப்பார்கள். பார்த்தார்கள். அவள் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள். நான் சுருக்கினால் விடமாட்டாள்.

கடைசியாகக் கேட்டது லாங்கலான்ட் தீவில் புதிதாகத் தொடங்கிய ப்ரூவரியை. அது அவள் பிறந்த தீவு. எல்லாவற்றுக்கும் கடைசியாகப் போவோம் என்று தள்ளி வைத்திருந்தாள். போன கிழமை குரல் நன்றாக மெலிந்துவிட்டது.

"அது எப்படியெண்டு தெரிஞ்சாப் போதும். சனிக்கிழமை போவியோ?"

"ஓம், கட்டாயம் போறன்."

இன்று சனிக்கிழமை.

மகன் சொன்னபோது "சரி" என்றேன். நன்றி என்றும் சொன்னேன் போல இருக்கிறது. ஸ்வெண்ட்போர்க்கில் இறங்கினேன். வந்த ரயிலிலேயே திரும்பியிருக்கலாம்... திரும்பவில்லை. பாலம் தாண்டித் தீவுக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

அழுகை வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே கடல் வந்தது, போனது.

ப்ரூவரியில் இருந்த பெட்டை "தனியாகவா?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

மனுசனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

"அங்கேயே இரும். நான் காரில வாறன்."

வேறொன்றும் கேட்கவில்லை.

முதல் வாய் குடித்ததும் கை தன்பாட்டில் போய் அவளுடைய நம்பரை எடுத்தது. அழுத்தவில்லை. ஆனால் யாருக்காவது சொல்லத்தானே வேண்டும்... அதனால்தான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பிர்கிட், குடித்துவிட்டேன். முதலில் கருகின பாண் துண்டு மாதிரி. விழுங்கின பிறகு பெரிதாக ஒன்றுமில்லை, தண்ணீர்தான்.

சும்மா சொல்லவில்லை, சுமார்தான். நீ ஒன்றையும் தவறவிடவில்லை.

போயிட்டு வா.