குலதெய்வம் எங்கீங்க?

கோயமுத்தூருக்குக் குடிபோகலாம் என்று சொல்லிச் சொல்லியே என் கணவர் ஆறு மாதம் என் உயிரை எடுத்தார். அவருடைய கம்பெனி அங்கே புதுக் கிளை திறக்கிறது. போகிறவர்களுக்குப் பதவி உயர்வு உண்டு. எனக்கு வங்கி வேலை, மாற்றல் கேட்டால் கிடைக்கும். மகளுக்குச் சென்னைப் புழுதி ஒத்துக்கொள்ளாமல் அடிக்கடி மூச்சு இழுக்கிறது. எல்லாமே நியாயமான காரணங்கள்தான். ஆனால் மனிதர் அதோடு நிறுத்த மாட்டார். சிறுவாணித் தண்ணீர் என்பார், சாயங்காலக் காற்று என்பார், கடைசியில் எப்போதும் ஒரே இடத்தில் வந்து நிற்பார். "எவ்வளவு மரியாதையான ஜனங்க தெரியுமா? ஆட்டோக்காரர்கூட ஏனுங்கன்னுதான் கூப்பிடறார்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் அந்தப் பக்கத்துக்காரி. அந்தியூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். என் அப்பா ஆயுசு முழுக்க அங்கே ஒரு மஞ்சள் தோட்டத்தில் பண்ணையத்து ஆளாக இருந்தார். அவர் வாயிலிருந்து 'ங்க' இல்லாமல் ஒரு வார்த்தை வராது. திரும்பி வந்தது 'என்றா' மட்டும்தான். அந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பையன்கூட, தலை நரைத்த என் அப்பாவைப் பார்த்து, "என்றா, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டயா?" என்பான். "காட்டிப்போட்டேனுங்க சாமி" என்பார் அப்பா. பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். என்னிடம் வந்து அந்த ஊர் மரியாதையைப் பற்றிப் பாடம் நடத்தினால் எரிச்சல் வராதா?

என் கணவரும் எங்கள் ஆட்கள்தான். ஆனால் அவருடைய தாத்தா காலத்திலேயே ரயில்வே வேலைக்கென்று சென்னைக்குப் போய்விட்ட குடும்பம். குவார்ட்டர்ஸில் பிறந்து, குவார்ட்டர்ஸில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர். "அதெல்லாம் அந்தக் காலம். நாம கார்ல போய் இறங்கப் போறோம். யாரு கேக்கப்போறா?" என்பார். யார் கேட்பார்களா! சென்னையிலும் வீட்டுக்காரர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள், சைவமா அசைவமா என்று. அசைவம் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கி வந்துவிடலாம். எங்கள் பக்கத்துக் கேள்வி வேறு மாதிரி. "குலதெய்வம் எங்கீங்க?" என்று கேட்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அது பக்தியில் கேட்கிற கேள்வியாகத் தெரியும். எந்த ஊரில் எந்தக் கோயில் என்று சொன்னால் போதும், என்ன சாதி, அதற்குள் எந்தக் குலம் (கூட்டம் என்பார்கள்), யாருக்கு யார் பங்காளி, யார் வீட்டில் பெண் எடுக்கலாம் என்பது வரைக்கும் கேட்டவர்களுக்கு விளங்கிவிடும். இதை அவருக்கு விளக்கமாகச் சொல்லி வைத்தேன். சொல்லாமலேயே இருந்திருக்கலாம்.

வீட்டைப் பார்த்தால் மனசு மாறும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை அழைத்துக்கொண்டு போனார். புரோக்கர் காட்டியது பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரர்கள். பக்கத்திலேயே அவர்களுடைய லேத் பட்டறை, ஞாயிறு என்பதால் சத்தம் இல்லை. பால்கனியில் நின்றால் மேற்கே மலை முழுசாகத் தெரிந்தது. மகள் ஒவ்வொரு அறையாக ஓடிவிட்டு வந்து, "அம்மா, ஜன்னல் இருக்கற ரூம் எனக்கு" என்றாள். எனக்கும் பிடித்திருந்தது. சமையலறையில் நின்று குக்கரை எங்கே வைப்பது, மாவு டப்பாவை எங்கே வைப்பது என்றுகூட யோசித்துவிட்டேன். காற்று உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதைச் சொல்லித்தானே ஆக வேண்டும்.

கீழே வந்ததும் வீட்டுக்கார அம்மாள் உட்காரச் சொன்னார். ஐம்பது வயதைத் தாண்டியவர், சிரித்த முகம். அவருடைய கணவர் ஆனைமலைக் கோயிலுக்குப் போயிருந்தார். எங்கள் வேலை, சம்பளம், மகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டே தண்ணீர் கொடுத்தார். என் பேச்சில் இருந்த சாயலைக் கண்டுபிடித்து, "அம்மணி நம்ம பக்கமாட்ட இருக்குதுங்களே?" என்றார். அந்தியூர்ப் பக்கம் என்றேன். அடுத்து அது வந்தது, குரலில் தேன் சொட்ட.

"உங்களுக்குக் குலதெய்வம் எங்கீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் ஒரு ஊரின் பெயரையும், அங்கே இருக்கிற ஒரு பெரிய கோயிலின் பெயரையும் ஒப்பித்தார். காலையில் லாட்ஜில் காபி குடிக்கும்போது போனில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார். கிரிக்கெட் ஸ்கோர் என்று நினைத்திருந்தேன். பெரிய கோயிலாக ஒன்றைச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு. மண்டு. அது ஊருக்கெல்லாம் பொதுவான கோயில் இல்லை, ஒரு கூட்டத்தாருக்கு உரிய கோயில் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த அம்மாள் எழுந்தே விட்டார். "அட, நெசமாலுமா? அது எங்கூட்டுக்காரரோட கூட்டத்துக் கோயிலுங்க! அப்ப நீங்க பங்காளியாச்சே! எனக்குக் கொழுந்தனாரு ஆகோணும்!" என்றவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீயும் நானும் ஓரகத்திங்க ஆயிப்போச்சு அம்மணி. சொந்தத்து ஒரம்பரையை வெறும் தண்ணியக் குடுத்து உக்கார வெச்சிருக்கறேனே நானு!"

ஒரு நிமிஷத்தில் எல்லாம் மாறிவிட்டது. இடியாப்பம் மாதிரி சந்தகை பிழிந்திருந்தார், அதைத் தட்டில் வைத்துத் தேங்காய்ப்பால் ஊற்றிக்கொண்டு வந்தார். அட்வான்ஸ் எவ்வளவு முடியுமோ அவ்வளவு கொடுத்தால் போதும் என்றார். மாடியில் பைப் ஒழுகுகிறது, நாளைக்கே ஆள் விட்டுச் சரி செய்துவிடுகிறேன் என்றார். "வர்ற மாசம் நம்ம கோயில்ல நோம்பி சாட்டியிருக்கறாங்க. அல்லாரும் ஒண்ணா நம்ம கார்லயே போய்ட்டு வந்துரலாம்" என்றார். என் கணவர் தேங்காய்ப்பால் சந்தகையை ருசித்துத் தின்றுகொண்டே தலையாட்டினார். என்னைப் பார்த்து ஒரு வெற்றிச் சிரிப்பு வேறு. அந்தத் தட்டைப் பிடுங்கி அவர் தலையிலேயே கவிழ்க்கலாம் போல இருந்தது.

அந்த அம்மாள் நடிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இவ்வளவு பிரியம் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு இருந்திருக்கிறது. கோயில் பெயரைச் சொன்னால் கேட்காமலே கொட்டுகிறது. என் அப்பா அந்தத் தோட்டத்து வீட்டில் ஒரு நாளும் படியேறி உட்கார்ந்ததில்லை. காய்ச்சலோடு வேலைக்குப் போன அன்றுகூடக் களத்து ஓரத்தில்தான் சுருண்டு கிடந்தார். இவர்களுக்கு அன்பு காட்டத் தெரியாது என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். தெரியாமல் இல்லை, எங்களுக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். என் தட்டை அப்படியே கீழே வைத்தேன்.

பிறகு அவர் மகளைக் கூப்பிட்டார். "வா கண்ணு. தலையில பூ இல்லாம இருக்குதே நம்மூட்டுப் புள்ளை." சாமி படத்துக்கு வாங்கி வைத்திருந்த மல்லிகையில் ஒரு கண்ணி நறுக்கி எடுத்து வந்தார். மகள் அவருக்கு முன்னால் போய்த் திரும்பி நின்று தலையைக் குனிந்துகொண்டாள். கொண்டை ஊசியை வாயில் கடித்தபடி, "நம்ம கோயிலைப் பாத்திருக்கறயா கண்ணு?" என்று கேட்டார்.

மகள் ஓரக்கண்ணால் அப்பாவைப் பார்த்தாள். அவர் லேசாகத் தலையை அசைத்தார். "பாத்திருக்கேன் ஆன்ட்டி. பெரிய கோயில்" என்றாள் மகள்.

அவளுக்கு ஒன்பது வயது. பள்ளியில் பென்சிலைத் தொலைத்துவிட்டுக்கூடப் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏனுங்க, எங்கூட்டுக்காரர் பொய் சொல்லிப்போட்டாருங்க" என்றேன். "அது எங்க கோயில் இல்லீங்க. நாங்க அருந்ததியருங்க."

அவருடைய கை மகளின் தலைக்கு மேல் அப்படியே நின்றது. முகத்தில் கோபம் எதுவும் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். வாயிலிருந்த ஊசியை எடுத்தார். பூவை ஜன்னல் திட்டில் வைத்தார். "அதனால என்னங்க, எல்லாரும் மனுசருதானுங்க. இருங்க, வாரேனுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். 'நீ' என்று கூப்பிட்டவர் மறுபடியும் 'நீங்க'வுக்குப் போய்விட்டார்.

மகள் தலையைக் குனிந்தபடியே நின்றாள். ஏதோ எடுக்கத்தான் போயிருக்கிறார், வந்து பூவை வைத்துவிடுவார் என்று நினைத்துக்கொண்டு, அசையாமல் நின்றாள். உள்ளே போனில் பேசுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அறைக்குள்ளிருந்தே குரல் வந்தது. "அவரு வந்தாத்தானுங்க முடிவு சொல்ல முடியும். போன் பண்றேனுங்க." அவர் வெளியே வரவில்லை. நான் மகளின் தோளைத் தொட்டு, "வா, போகலாம்" என்றேன். "பூவு?" என்றாள்.

துடியலூர் தாண்டி ஒரு பேக்கரி முன்னால் கணவர் காரை நிறுத்தினார். மகளுக்குத் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்து ஒரு மேஜையில் உட்கார வைத்துவிட்டு, காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "நீ ஒரு வார்த்தை பேசாம இருந்திருந்தா இந்நேரம் சாவி கையில இருந்திருக்கும்" என்றார்.

"இருந்திருக்கும். அடுத்த மாசம் அவங்க கார்ல ஏறி அந்தக் கோயிலுக்குப் போயிருப்பீங்க. எந்தக் கூட்டம், அப்பா பேரென்ன, தாத்தா பேரென்னன்னு பூசாரி கேட்டா அதுக்கும் போன்ல தேடுவீங்களா? நம்ம பொண்ணு அங்க இருக்கற வரைக்கும் தினம் படியேறும்போது பொய் சொல்லிட்டே ஏறணுமா?" என்றேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று குரலைத் தணிக்கவே இல்லை.

அவர் காரின் கதவில் சாய்ந்துகொண்டார். முகம் செத்துப் போயிருந்தது. பிறகு, "சரி, விடு. இந்த ஊரே வேண்டாம். சென்னையிலேயே இருந்துடலாம்" என்றார்.

ஆறு மாதமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தை. அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் அந்த வீட்டில்கூட வரவில்லை. என்ன பேச்சு இது? ஒரு அம்மாள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் நாங்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பிவிட வேண்டுமா? இந்தப் பக்கத்து மஞ்சளும் கரும்பும் என் அப்பாவைப் போன்றவர்கள் குனிந்து விளைவித்தது. எனக்கு இந்த ஊர் வேண்டாம் என்று நான் சொல்லலாம், சொல்லியும் வந்தேன். நான் இந்த ஊருக்கு வேண்டாம் என்று வேறு யாரும் சொல்லக் கூடாது.

"வர்றோம்" என்றேன். "ஜூன்ல வர்றோம். பொய் சொல்லாம வர்றோம்." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

சென்னைக்குத் திரும்பியதும் மாற்றலுக்கு எழுதிக் கொடுத்தேன். மகளுக்கு அங்கே ஒரு பள்ளியில் இடமும் வாங்கியாயிற்று. வீடுதான் இன்னும் அமையவில்லை. இப்போது புரோக்கர்களிடம் நானே பேசுகிறேன். எத்தனை அறை, தண்ணீர் எப்படி என்று கேட்பதற்கு முன்னாலேயே நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். "அதெல்லாம் இப்ப யாருங்க பாக்கறாங்க" என்கிறார்கள். அப்புறம் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. கணவரும் தினமும் இரண்டு மூன்று பேரிடம் இதையே சொல்லிப் பேசுகிறார். முதல் முறை சொல்லும்போது அவருக்குக் குரல் நடுங்கியது. இப்போது நடுங்குவதில்லை.

போன வாரம் அந்த வீட்டுக்கார அம்மாளிடமிருந்து போன் வந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் போல. "எங்கூட்டுக்காரரு தெரிஞ்சவங்க ஒருத்தருக்கு ஏற்கெனவே வாக்குக் குடுத்துப்போட்டாருங்க. எனக்கு மனசே கேக்குலீங்க. தப்பா எடுத்துக்காதீங்க அம்மணி."

"பரவாயில்லீங்க" என்றுதான் வாயில் வந்தது. பிறந்ததிலிருந்து பழகிய வார்த்தை, அப்பாவிடமிருந்து வந்தது. அதை விழுங்கினேன்.

"தப்பாத்தானுங்க எடுத்துக்கிட்டேன்" என்றேன்.