வண்டிகள் தனியாக வருவதில்லை

மணவூரில் ஒரு கல்யாணம். போன ஞாயிற்றுக்கிழமை. முதல் பந்தி எழுந்திருக்கக் காத்து நின்றேன். பரிமாறுகிறவர்கள் பறந்தார்கள். பந்தி எழுந்ததும் அவர்களுக்கு ஒரு வேலையும் இல்லை, தூணில் சாய்ந்தார்கள். அந்த நிமிஷம்தான் எனக்கு உதித்தது... அடடா, என் வண்டிகள்!

விஷயம் இதுதான். எங்கள் பாவா, அதாவது அக்காவின் கணவர், நெசவாளர் சங்கத்தின் காரியதரிசி. சர்க்கார் அளந்து கொடுக்கும் கண்ட்ரோல் நூலை ரயிலிலிருந்து இறக்கி, அம்மையார்குப்பத்துக்கும் ஆர்.கே.பேட்டைக்கும் அனுப்பத் திருத்தணி ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டிப்போ கேட்டிருந்தார். அதிகாரி சம்மதித்தார் — ஒரு நிபந்தனையோடு. நூல் ஏற்றிய ரயில் வாகன் வந்த அன்றே காலியாக வேண்டும். இல்லையென்றால் டிப்போ அரக்கோணத்துக்குப் போய்விடும். அப்புறம் அத்தனை தூரம் போய் நூல் வரும்வரை தறிகள் தூங்க வேண்டியதுதான்.

பிளான் போட நான் இல்லாமல் யார்? நூலை நிறுத்து ஒரு வண்டி ஏற்ற அரை மணி. பகல் முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக வண்டி. ஆகவே ஒரு தராசு, இரண்டு ஆள். எவ்வளவு சிக்கனம்!

கல்யாணத்துக்கு முன்னாலேயே முதல் வாகன் வந்தது. வண்டிகளும் வந்தன — விடியற்காலையில், அத்தனையும் ஒரே வரிசையாக! ஸ்டேஷன் தெரு முழுக்க அவிழ்த்துவிட்ட மாடுகள். அந்த நெரிசலில் ஒரு வண்டியைத் தராசுக்குக் கொண்டுவந்து ஏற்றி அனுப்ப ஒரு மணி பிடித்தது; பொழுது சாய்ந்தபோது பாதி நூல் வாகனிலேயே இருந்தது.

"ஒவ்வொருத்தரா வந்தா என்ன?" என்று வண்டிக்கார முனிரத்தினத்திடம் எரிந்து விழுந்தேன்.

"தனித்தனியா வர்றதுக்கு நாங்க இன்னா சண்டையா போட்டுகினோம், நைனா? வழியில ஒருத்தன் வண்டி அச்சு முறிஞ்சா யாரு தாங்குறது?"

பாவா தலையில் கை வைத்துக்கொண்டார். அதிகாரியைக் கெஞ்சி, இன்னொரு வாகனுக்குத் தவணை வாங்கினார். வருகிற வியாழக்கிழமை. அதுவே கடைசி.

மணவூரிலிருந்து வந்ததும் ஓடினேன். "பாவா! நாலு தராசு வேணும், எட்டு ஆள் வேணும்!"

"ஆங். வண்டி போனப்புறம் எட்டுப் பேரும் குந்திகினு இருப்பானுங்க. கூலி நீ குடுக்கிறியா, மச்சான்?"

நியாயம்தான். சராசரிக்கு ஏற்பாடு செய்தால் நெரிசலில் மாட்டுகிறோம். நெரிசலுக்கு ஏற்பாடு செய்தால் மீதி நேரம் சும்மா நிற்கிறோம். அப்படியானால்? அம்மையார்குப்பம் வண்டிகள் காலையில், ஆர்.கே.பேட்டை வண்டிகள் மத்தியானம்! அவரவர் ஊர் சேர்ந்தே வரட்டும். இரண்டு தராசு, நாலு ஆள் போதும். பாவா முதல் தடவையாகச் சிரித்தார்.

அம்மையார்குப்பத்து முனிரத்தினமும் அவர் ஊர்க்காரர்களும் சரி என்றார்கள். ஆர்.கே.பேட்டையிலிருந்துதான் பதில் வந்தது: "அவுங்க நல்ல நூலப் பொறுக்கிகினு போனப்புறம், மிச்சத்த வாரிகினு வர்றதுக்கு நாங்க வரணுமா?"

இது என் கணக்கில் இல்லவே இல்லை!

நூல் சிப்பங்களை வாகனிலிருந்து இறக்கும்போதே இரண்டு ஊருக்கும் பிரித்துவிடலாம். அதைப் பார்க்க ஆர்.கே.பேட்டை ஆள் ஒருவர் காலையிலேயே வந்து வாகன் பக்கத்தில் நிற்கட்டும். நாளை இதைச் சொல்ல ஆர்.கே.பேட்டைக்குப் புறப்படுகிறேன். கரி வாயுவில் ஓடும் பஸ் கிளம்பினால் பஸ்ஸில். மக்கர் செய்தால் சைக்கிளில்.

எப்படிப் போனாலும், தனியாகத்தான்!