தலைகீழாய் நின்ற அம்பு

போன வாரம் ஒரு அச்சகத்துக்குள் நுழைந்ததும் மை வாசனை வந்தது. உடனே என் கை கைப்பையின் பூட்டைத் தடவிப் பார்த்தது. 1991இல் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. அப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். ஸ்டென்சிலில் உருட்டிய, மை வாசனை போகாத வினாத்தாளைக் கைப்பையில் பூட்டிக்கொண்டு வராந்தாவில் நடந்தால் தூண்கூட எட்டிப் பார்ப்பதாகத் தோன்றும். யார் யாரைப் பார்த்து எழுதுகிறார்கள் என்ற சந்தேகங்களை எண் போட்டு ஒரு நோட்டில் எழுதிவைப்பேன் என்றால் சிரிப்பீர்கள்.

பதினேழாம் எண், மலர்விழியும் சேகரும். இருவரும் சுங்குவார்சத்திரத்தில் ஏறி ஒரே கல்லூரிப் பேருந்தில் வருபவர்கள். சார்பு இயக்கத்தில் நான் கொடுத்த கணக்கு எளிதானது: பஸ் கிழக்கே போகிறது, லாரி வடக்கே போகிறது, லாரியிலிருந்து பார்த்தால் பஸ் எப்படிப் போவதாகத் தெரியும்? அம்புகள் வரைந்து கண்டுபிடிக்க வேண்டும். இருவருக்கும் வேகம் சரி. விடை அம்பு மட்டும் தலைகீழ். சரியான விடை ஒன்றுபோல இருக்கலாம், தவறு எப்படி ஒன்றாகும்?

"சாதுவா கீதேன்னு நம்பிடாதீங்கம்மா. வீட்டுக்கு லெட்டர் போடுங்க" என்றார் தாள்களைப் பார்த்த துறைத் தலைவர்.

முதலில் மலரின் வீட்டுக்கு எழுதிவிட்டேன். ஆனால் அனுப்பக் கை வரவில்லை. ஒரு புகார் வந்தாலும் படிப்பை நிறுத்திவிடுவதாக மலரின் அப்பா சொல்லியிருந்தார். சேர்க்கையன்று என் காதுபடவே.

மறுநாள் இருவரையும் வேறு வேறு அறையில் உட்காரவைத்தேன். புதுக் கணக்கு: சிங்கப்பெருமாள் கோவிலில் தெற்கே போகும் மின்ரயில், ஒரகடம் சாலையில் மேற்கே போகும் பஸ். ரயிலிலிருந்து பஸ் எப்படித் தெரியும்? அரை மணி நேரத்தில் இரண்டு தாள்கள். இரண்டிலும் அதே தலைகீழ் அம்பு.

இருவரையும் கூப்பிட்டுக் கேட்டேன். மலர் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "டெய்லி பஸ்லதான மேடம் வர்றோம். படம் போட்டாலே பஸ்லதான் குந்திகினு இருக்கோம். அங்கேர்ந்து ரயிலத்தான் பாத்தோம்."

"டிக்கெட் இல்லாம ரயில்ல எப்டி மேடம் ஏறது?" என்றான் சேகர்.

யார் பார்க்கிறார்களோ அவர்களை முதலில் அசையாமல் நிறுத்திவிட்டு வரையுங்கள் என்று நான் வகுப்பில் ஒரு நாளும் சொன்னதில்லை. கடிதத்தை அங்கேயே கிழித்தேன். மலர் கிழிந்த துண்டுகளைப் பார்த்தாள். மேல் துண்டில் அவள் அப்பாவின் பெயர் இருந்தது.

படிப்பை முடித்தாள், நல்ல மதிப்பெண். ஆனால் அந்தக் கடிதத்தைக் கிழித்த நாள்வரை தினமும் சாப்பாட்டு மணிக்குப் பிறகு, ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே ஏதாவது ஒரு கேள்வியோடு என் மேசைக்கு வருவாள். அதன்பின் மூன்று வருடம் அங்கே இருந்தேன். அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.