லைசின் பள்ளம்

கம்பைநல்லூர்ப் பக்கம் ஒரு கோழித்தீவன மில்லில் லேப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். லேப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

ஒரு காலையில் ஏரியூரிலிருந்து ஸ்டெல்லா என்ற பண்ணைக்கார அம்மா எங்கள் தீவனத்தையே ஒரு பையில் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"கோழிங்க நல்லாத் திங்குதுங்க, எடை மட்டும் ஏற மாட்டேங்குது. இந்த பேட்சும் போச்சுன்னா ஷெட்டைப் பிரிச்சிட்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குத்தாங்க போவணும்."

முதலாளி நல்ல மனிதர். ஆனால் தீவனத்தைக் குறை சொன்னால் பெற்ற பிள்ளையைச் சொன்ன மாதிரி முகம் சுருங்கிவிடும். "வளர்ப்பு சரியில்லீங்க" என்றார்.

"டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க. அது வரைக்கும் இங்கியே இருக்கறன்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார் அந்த அம்மா.

எங்களிடம் கேப்பிலரி எலெக்ட்ரோஃபோரெசிஸ் மெஷின் இருந்தது. தலைமுடி மாதிரி மெல்லிய குழாய். இரண்டு முனைக்கும் உயர் வோல்டேஜ் கொடுத்தால் தீவனத்திலுள்ள அமினோ அமிலங்கள் ஒவ்வொன்றும் தன் வேகத்தில் ஓடிப் பிரிந்துவிடும். பிரிந்தால் போதுமா, கண்ணில் பட வேண்டாமா? மெஷின் பார்ப்பது யூவி ஒளியால்; அமிலங்களில் பெரும்பாலானவை அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை. அதனால் உறிஞ்சுகிற பொருள் ஒன்றை, குழாயில் நிரப்பும் பஃபர் கரைசலிலேயே கலந்துவிடுவோம். அமினோ அமிலம் கடக்கும்போது உறிஞ்சல் குறையும், ஸ்கிரீனில் கோடு பள்ளமாக இறங்கும். பள்ளம் பெரிதானால் சரக்கு அதிகம்.

கோழி எடை ஏற, லைசின் என்ற அமினோ அமிலத்தைத் தீவனத்தில் தனியாகச் சேர்க்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் சுத்தமான லைசின் ஸ்டாண்டர்டை முதலில் ஓட்டினேன், நல்ல பள்ளம் விழுந்தது. அந்த அம்மாவின் தீவனத்தை ஓட்டினேன். அதே இடத்தில் கோடு நேராகப் போனது. மறுபடி ஓட்டினாலும் நேர்தான்.

முதலாளி எட்டிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பாருங்கம்மா, ஸ்கேல் வச்ச மாதிரி போவுது. ஒரு குறை இருக்குதுங்களா?"

ஸ்டெல்லா எழுந்து பையைச் சுருட்டினார். சம்பளம் கொடுக்கிறவரின் சிரிப்பைக் கெடுப்பது லேசான வேலையா?

"சார், பள்ளந்தாங்க லைசின். நம்மளுதுல பள்ளமே இல்லீங்க."

முதலாளி தீவனம் கலக்கும் மிக்சர் பக்கம் போய் விசாரித்தார். அந்த பேட்சுக்கு லைசின் மூட்டையைப் பிரிக்கவே இல்லையாம். திரும்பி வந்து, "தப்பு எங்களுதுதாங்கம்மா. தீவன மூட்டை எல்லாத்தையும் மாத்தித் தந்துடறேன்" என்றார். அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது அன்றைக்குத்தான்.

அதிலிருந்து யாருக்கு ரிசல்ட் காட்டினாலும், எது நல்லது எது கெட்டது என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் ஸ்கிரீனைத் திருப்புவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

புதுத் தீவனத்தை வண்டியில் ஏற்றுமுன் அதையும் ஓட்டச் சொன்னார் ஸ்டெல்லா. மூன்று பேரும் ஸ்கிரீன் முன் நின்றோம். கோடு இறங்கத் தொடங்கியது.

"வுழுது, வுழுது" என்றார் முதலாளி.

"இன்னும் வுழட்டும்ங்க" என்றார் ஸ்டெல்லா.